பதின்மூன்றாவது மாடிக்கு ஒரு லிஃப்ட்: எலிவேட்டர்ஸின் முதல் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கு இந்த ஆல்பத்தைக் கேட்கக் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த ஆல்பம் இது?

‘தி சைகடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்தில் 1965 கடைசியில் ஒன்றுசேர்ந்த ஒரு ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம். 1966 அக்டோபரில் வெளிவந்தது. மொத்தம் 11 பாட்டுகள். வெளியிட்டது ஹூஸ்டனில் இயங்கிய இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம். பெயர் நீளம் என்பதால் இனி ‘சைகடெலிக் சவுண்ட்ஸ்’ என்றே எழுதுகிறேன், குழுவை எலிவேட்டர்ஸ் என்று.

பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் குடுகுடுவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? என் ஹெட்ஃபோனில் கோளாறா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை. அது ஒரு ஜாடி.

ஆம், நிஜமாகவே மண்ஜாடி. டாமி ஹால் என்பவர் அதை வாயருகே பிடித்துக்கொண்டு, ஜாடியின் வாயை ஒட்டி ஒரு மைக்கையும் வைத்துக்கொள்வார். உடனே நமக்குக் கடம் நினைவுக்கு வரும். ஆனால் கடத்தைத் தட்டுகிறோம், இதை யாரும் தட்டுவதில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் 1920களில் ‘ஜக் பேண்ட்’ என்ற வகை பிரபலமாக இருந்தது. பேஸ் வாத்தியம் வாங்க வசதி இல்லாதவர்கள் காலி ஜாடிக்குள் உதட்டை அதிரவைத்து ஊதி ‘பூம், பூம்’ என்று அடித்தொனி எழுப்பினார்கள். 60களில் நாட்டுப்புற இசை மீண்டும் தலையெடுத்தபோது இந்த ஜாடியும் கூடவே திரும்பி வந்தது.

ஹால் அதை எடுத்துக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டார். அவர் பழைய முறையில் ஊதவில்லை. தொண்டையாலும் நாக்காலும் வேகவேகமாகச் சின்னச் சின்ன ஒலிகளை எழுப்பினார். ஜாடி அதை வாங்கி, உள்ளே உருட்டி, மைக்குக்குள் துப்பியது. கேட்பதற்குத் தண்ணீர் கொதிப்பது போலவும் இருக்கும், பறவை ஒன்று விடாமல் பேசுவது போலவும் இருக்கும். எலெக்ட்ரானிக் கருவியோ என்று சந்தேகமும் வரும். ஆனால் மனிதனின் மூச்சும் ஒரு மண்பாத்திரமும் தவிர அதில் வேறு ஒன்றும் கிடையாது.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் எரிச்சல்தான். யாராவது அதை மட்டும் நிறுத்திவிட்டால் தேவலை என்று தோன்றியது. பத்தாவது தடவையில்தான் விஷயம் பிடிபட்டது. டிரம்ஸும் பேஸும் பாட்டைத் தரையில் நடத்திக்கொண்டு போகின்றன. ஜாடி அந்தத் தாளத்தில் உட்காருவதே இல்லை, அதன் மேலே மிதந்துகொண்டே இருக்கிறது. கேட்கிற நம் காதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேகம். தலை லேசாகச் சுற்றுகிற அந்த உணர்வுக்கு மருந்தும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இப்போது ஜாடி இல்லாமல் இந்தப் பாட்டுகளை என்னால் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

இசைக்குழுவில் யார் யார்?

பாடகர், ரிதம் கிட்டார், ஹார்மோனிகா: ரோக்கி எரிக்சன். முழுப் பெயர் ரோஜர் கைனார்ட் எரிக்சன். ஆங்கிலத்தில் இரண்டு பெயரின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ரோக்கி. ஆல்பம் பதிவானபோது வயது 19. தலைமுடியை வெட்ட மறுத்ததால் பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறியவர்.

லீட் கிட்டார் ஸ்டேசி சதர்லண்ட். டிரம்ஸ் ஜான் ஐக் வால்ட்டன். பேஸ் முதலில் பென்னி தர்மன், 1966 கோடையிலிருந்து ரானி லெதர்மன். அதனால் ஆல்பத்தின் முதல் பாட்டில் கேட்பது தர்மனின் பேஸ், மற்றவற்றில் லெதர்மனுடையது.

அப்புறம் டாமி ஹால். வாசித்தது ஜாடி மட்டும்தான், ஆனால் குழுவின் மூளை அவர்தான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தத்துவமும் உளவியலும் தலைக்குள் நிறைந்திருந்தன. வேறொரு குழுவில் பாடிக்கொண்டிருந்த ரோக்கியைப் பார்த்துவிட்டு, ‘இந்தக் குரல்தான் எனக்கு வேண்டும்’ என்று, ஏற்கெனவே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த சதர்லண்ட், வால்ட்டன், தர்மன் மூவரோடும் அவரை இணைத்துவிட்டவர். பெரும்பாலான பாடல்வரிகள் அவருடையவை. 1966ல் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், குழுவின் ‘ஹெட்’ யார் என்று தொகுப்பாளர் டிக் கிளார்க் கேட்டார், தலைவர் யார் என்ற பொருளில். நாங்கள் எல்லாருமே ஹெட்தான் என்று ஹால் பதில் சொன்னார். போதைப்பொருள் எடுப்பவர்களுக்கும் அன்றைய கொச்சையில் ‘ஹெட்’ என்றுதான் பெயர். நாடு முழுக்க வீட்டுக் கூடத்தில் ஓடிய நிகழ்ச்சி அது.

பெயரில் ஏன் பதின்மூன்று?

‘எலிவேட்டர்ஸ்’ என்பது டிரம்மர் வால்ட்டன் சொன்னது. அதற்கு முன்னால் ‘13வது மாடி’யைச் சேர்த்தவர் டாமி ஹாலின் மனைவி கிளெமென்டைன். அமெரிக்காவில் பல கட்டடங்களில் 13 ராசியில்லாத எண் என்று 12க்கு அடுத்து 14 என்றே எண் போட்டுவிடுவார்கள். லிஃப்ட்டில் அந்தப் பொத்தானே இருக்காது. இல்லாத மாடிக்கு ஏற்றிச்செல்லும் லிஃப்ட் என்பது பெயரின் பொருள். ஆங்கில எழுத்து வரிசையில் 13வது எழுத்து எம், அது மரிவானாவின், அதாவது கஞ்சாவின், முதலெழுத்து என்ற விளக்கமும் உண்டு.

கிளெமென்டைனின் பங்கு பெயரோடு முடியவில்லை. ‘ஸ்பிளாஷ் 1’ பாட்டை ரோக்கியோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். ஆல்பத்திலேயே மென்மையான பாட்டு அது.

‘சைகடெலிக்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்த முதல் ஆல்பம் இதுதானா?

முதல் சிலவற்றில் ஒன்று. அதே 1966ன் பிற்பகுதியில் ப்ளூஸ் மகூஸ், தி டீப் ஆகிய குழுக்களின் ஆல்பங்களும் இதே சொல்லோடு வந்தன. எது முந்தியது என்று வாரக் கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை.

சொல்லை உருவாக்கியது ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், 1956ல். மனம், வெளிப்படுத்துதல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. எல்எஸ்டி போன்ற, மனநிலையை மாற்றும் போதைப்பொருள்களைக் குறிக்க மருத்துவ வட்டாரத்தில் இருந்த அந்தச் சொல்லை ராக் இசைக்குச் சூட்டியதில் எலிவேட்டர்ஸின் பங்கு பெரியது. 1966 பிப்ரவரியிலேயே ஆஸ்டின் நாளிதழ் ஒன்று இவர்கள் வாசிப்பதை ‘சைகடெலிக் ராக்’ என்று தலைப்பில் எழுதிவிட்டது. அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற குழுக்கள் பலவற்றுக்கு முதல் ஆல்பம்கூட வந்திருக்கவில்லை.

ஆல்பம் எங்கே, எப்படிப் பதிவானது?

முதல் பாட்டான ‘யூ ஆர் கானா மிஸ் மீ’ மட்டும் 1966 ஜனவரியில் ஹூஸ்டனில் பதிவானது. முதலில் அது தனி இசைத்தட்டாக வந்து, அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 55வது இடம் வரை ஏறியது. ரோக்கி அதற்கு முன் இருந்த ‘தி ஸ்பேட்ஸ்’ குழுவோடு 1965லேயே அதை ஒருமுறை பதிவுசெய்திருந்தார். அந்தப் பதிவில் பாட்டு இருக்கிறது, ஜாடி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், டாமி ஹால் கொண்டுவந்தது என்ன என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்ற பாட்டுகள் 1966 அக்டோபரில் டல்லாஸின் சுமெட் ஸ்டுடியோவில் மிகக் குறைந்த நாட்களில் பதிவாயின. அந்த மாதங்களில் அவர்கள் கலிஃபோர்னியாவில் அவலான், ஃபில்மோர் அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பதிவுக்காக இடையில் டெக்சஸ் வந்துபோனார்கள். தயாரிப்பாளராக அட்டையில் இருக்கும் பெயர் லீலன் ராஜர்ஸ், பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன்.

சத்தம் ஏன் இப்படிக் கரடுமுரடாக, தூரத்திலிருந்து வருவது போல இருக்கிறது?

நேரம் குறைவு, பணம் குறைவு. மேடையில் வாசித்ததை அப்படியே டேப்பில் பிடிக்கப் பார்த்தார்கள். ஜாடியின் ஒலியை எந்தப் பக்கம் வைப்பது என்பது எந்த இன்ஜினியருக்கும் பழக்கமில்லாத சிக்கல். எல்லாவற்றின் மேலும் எதிரொலி தோய்ந்திருக்கிறது.

இதைக் குறை என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதே காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, டேப்பைத் திருப்பிப் போட்டு, வெட்டி ஒட்டிச் செய்த சைகடெலிக் ஆல்பங்கள் அழகானவைதான். அவற்றைக் கேட்கும்போது ஒரு வித்தையைப் பார்த்து வியக்கிறோம். ‘சைகடெலிக் சவுண்ட்ஸ்’ வேறு மாதிரி. ஒரு சின்ன அறைக்குள் ஐந்து பேர், தாங்கள் கண்ட ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும் என்று மூச்சுவாங்க நிற்கிறார்கள். அந்த அவசரம் டேப்பில் இருக்கிறது. பளபளப்பாகப் பதிவுசெய்திருந்தால் அதுதான் முதலில் காணாமல் போயிருக்கும்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

வரிசைப்படியே கேளுங்கள். ‘யூ ஆர் கானா மிஸ் மீ’யின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். கிட்டார் முதலில் தனியாக வெட்டி வெட்டி அடிக்கிறது. பிறகு டிரம்ஸ் விழுகிறது. ரோக்கி இன்னும் ஒரு சொல்லும் பாடவில்லை, அதற்குள் ஒரு அலறல். ஜாடி அதன் அடியில் குமிழிவிட ஆரம்பித்திருக்கிறது. கேட்பது காதல் முறிந்தவனின் சாதாரணக் கோபப் பாட்டுதான், நீ என்னை இழந்து வருந்துவாய் என்கிற பழைய பல்லவிதான். ஆனால் குரலைக் கேட்டால் பெண்ணைப் பார்த்துச் சொல்வது போல இல்லை, இந்த உலகத்தையே பார்த்துச் சொல்வது போல இருக்கிறது. கடைசியில் ஹார்மோனிகாவை எடுத்துக்கொண்டு ரோக்கி பாட்டைக் கொண்டுபோய்க் கரையில் மோதுகிறார்.

அடுத்து ‘ரோலர் கோஸ்டர்’. ஐந்து நிமிடப் பாட்டு, இருண்ட ஒரு கிட்டார் வரி திரும்பத் திரும்ப வரும். நடுவில் குழு மொத்தமும் வேகம் பிடித்து ஏறி, மறுபடி இறங்கும். பெயருக்கு ஏற்ற அமைப்பு. ஸ்டேசி சதர்லண்ட் எப்படிப்பட்ட கிட்டாரிஸ்ட் என்று இதில் தெரியும். அவர் அதிகம் வாசிக்கமாட்டார். எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சுரத்தை வைப்பார்.

‘ரிவெர்பெரேஷன்’ என் சொந்த விருப்பம். சந்தேகம் மனதுக்குள் எதிரொலித்து எதிரொலித்து எப்படி ஒரு மனிதனை முடக்குகிறது என்பது பாட்டின் பொருள். அதை இசையும் அப்படியே செய்கிறது. கிட்டார் ஒரு வட்டத்தை விட்டு வெளியே வருவதில்லை, கூடவே ஜாடியும் சுற்றுகிறது. இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் ஒரே நினைப்பைப் புரட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கு இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று விளக்க வேண்டியதில்லை.

‘ஃபயர் இன்ஜின்’ தீயணைப்பு வண்டியின் சைரன் போன்ற ஊளையோடு தொடங்கும். அதை வாயாலேயே போட்டிருக்கிறார்கள்.

‘கிங்டம் ஆஃப் ஹெவன்’, ‘மங்கி ஐலண்ட்’, ‘யூ டோன்ட் நோ’ மூன்றும் பவல் செயின்ட் ஜான் எழுதியவை. ஆஸ்டினில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பாடகி ஜானிஸ் ஜாப்ளினோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தவர் அவர். (1966ல் ஜாப்ளினே எலிவேட்டர்ஸில் சேரும் யோசனையில் இருந்தார். அதற்குள் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.) ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ மெதுவாக, கனமாக நகர்கிற பாட்டு. வேகமான பாட்டுகளுக்கு நடுவே வந்து நிற்பதால் அதன் கனம் இன்னும் கூடித் தெரியும்.

அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்களே?

முன்பக்கம் ஜான் கிளீவ்லண்ட் வரைந்தது. கண்ணும் பிரமிடும், கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். பின்பக்கம் டாமி ஹாலின் கட்டுரை. ராக் ஆல்பம் அட்டையில் அதுவரை ரசிகர்கள் படித்துப் பழகியது இசைக்குழுவினருக்குப் பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு மாதிரியான விஷயங்களை. ஹால் அரிஸ்டாட்டிலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அவர் சொல்வதன் சாரம் இது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதன் தன் அறிவைத் தனித்தனிப் பெட்டிகளில் அடுக்கிவந்திருக்கிறான். அறிவியல் ஒரு பெட்டி, மதம் ஒரு பெட்டி, வேலை ஒரு பெட்டி, ஓய்வு ஒரு பெட்டி. நம் மொழியும் பொருள்களுக்குப் பெயர் வைப்பதிலேயே குறியாக இருக்கிறது, அவற்றுக்கு இடையேயுள்ள உறவைச் சொல்வதில்லை. இப்போது வேதிப்பொருளால் மனநிலையை மாற்றி, பார்வையையே மாற்றிக்கொள்ள வழி வந்துவிட்டது. அப்படி மாறியவன் எல்லாவற்றையும் உறவுகளாகப் பார்ப்பான், அவன் சிந்தனை தெளிவாகும். அந்தத் தெளிவுக்கான தேடல்தான் இந்தப் பாட்டுகளின் அடிப்படை என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாட்டும் அந்தத் தேடலில் எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது என்று விளக்குகிறார். ‘டோன்ட் ஃபால் டவுன்’ கிடைத்த நிலையைத் தவறவிடாமல் காப்பது பற்றியது. ‘மங்கி ஐலண்ட்’ பழைய கூட்டத்தில் இனி தனக்கு இடமில்லை என்று அப்போதுதான் உணர்ந்தவனின் நிலை. ‘ட்ரைட் டு ஹைட்’ தேடல் எதுவுமில்லாமல் வெளிவேஷம் மட்டும் போடுகிறவர்களைப் பற்றியது.

எனக்கு இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் உடன்பாடில்லை. புதிய மனிதன் பழைய மனிதனைக் குரங்கைப் பார்ப்பது போலப் பார்ப்பான் என்று எழுதுகிற இடத்தில் ஒரு அகந்தை தெரிகிறது. ஆனாலும் வாசிக்காமல் ஆல்பத்தைக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 1966ல், நடனத்துக்காக வாங்கப்படும் ஒரு இசைத்தட்டின் பின்னால், மனிதன் எப்படி யோசிக்கிறான் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பதினொரு பாட்டும் ஒரே எண்ணத்தின் பதினொரு பகுதிகள் என்று நம்பி எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இந்த ஆல்பத்தின் எலும்பு.

அப்படியானால் இது போதைக்கான பிரசாரமா? அந்த அனுபவம் இல்லாதவர்களுக்குப் புரியுமா?

பிரசாரம்தான், அதை மறைத்துப் பயனில்லை. ஹால் எல்எஸ்டியை ஒரு ஆன்மிகக் கருவியாகவே நம்பினார், மேடையேறும் முன் குழுவினர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் விரும்பினார். அந்தக் காலச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் எல்எஸ்டி சட்டப்படி தடைசெய்யப்பட்டதே 1966 அக்டோபர் 6ல்தான், இந்த ஆல்பம் வந்த அதே மாதத்தில். மாறாக டெக்சஸில் கஞ்சா வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்ற நிலை. 1966 ஜனவரியிலேயே குழுவினர் கைதாகி வழக்கில் சிக்கினார்கள். போலீஸின் கண் அவர்கள் மேல் எப்போதும் இருந்தது.

குழுவுக்குள்ளேயே எல்லாருக்கும் ஹாலின் வழியில் நம்பிக்கை இல்லை. வால்ட்டனுக்கு அது பிடிக்கவே இல்லை. 1967ல் அவரும் லெதர்மனும் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இசை புரிய எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்ததில்லை, எனக்குப் புரிகிறது. காது போதும். இந்த இசையைச் செய்தவர்களுக்கு அந்தப் பாதை என்ன செய்தது என்று தெரிந்த பிறகு யாருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

ரோக்கி எரிக்சனுக்கு என்ன ஆனது?

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. 1968ல் அவருக்கு மனநோயின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தன. 1969ல் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோடு ஆஸ்டினில் கைதானார். பத்தாண்டு சிறை வரலாம் என்ற நிலையில், மனநிலை சரியில்லை என்று வாதாடினார்கள். சிறைக்குப் பதில் மனநல மருத்துவமனை. அங்கிருந்து தப்பித்துப் போனதால், குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்துவைக்கும் ரஸ்க் மாநில மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1972 வரை அங்கேதான். மின்னதிர்ச்சி, கடுமையான மருந்துகள். அந்த இடத்திலும் கவிதை எழுதினார், உள்ளே இருந்தவர்களைச் சேர்த்து இசைக்குழு நடத்தினார்.

வெளியே வந்து பல நல்ல பாட்டுகளைத் தந்தார். இடையில் நீண்ட காலம் சிகிச்சையின்றி வறுமையில் கிடந்தார். 2001ல் அவருடைய தம்பி சம்னர் சட்டப்படி பொறுப்பேற்ற பிறகு நிலைமை மாறியது. சிகிச்சை கிடைத்தது, மறுபடி மேடையேறினார். 2010ல் ‘ஓக்கர்வில் ரிவர்’ குழுவோடு சேர்ந்து ஒரு ஆல்பமும் வந்தது. 2015 மே மாதம், ஆஸ்டினில் ரோக்கி, டாமி ஹால், வால்ட்டன், லெதர்மன் நால்வரும் ஒரே மேடையில் எலிவேட்டர்ஸாக நின்றார்கள், ஜாடியோடு. ரோக்கி 2019 மே 31 அன்று காலமானார். ஸ்டேசி சதர்லண்ட் 1978லேயே இறந்துவிட்டார்.

‘யூ ஆர் கானா மிஸ் மீ’யில் அந்த அலறலைப் போட்டபோது ரோக்கிக்கு வயது 18. வரப்போவது எதுவும் தெரியாத குரல். நான் அந்தப் பாட்டை இப்போதும் சத்தமாக வைத்துத்தான் கேட்கிறேன், பரிதாபத்தோடு கேட்பதில்லை. அதில் இருப்பது ஆனந்தம்.

இதை ‘இண்டீ’ என்று சொல்லலாமா?

பெரிய நிறுவனங்களைச் சாராத இசையைக் குறிக்கும் இண்டீ என்ற சொல் பிற்காலத்தில் வந்தது, ஆனால் நிலைமை அதேதான். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் பிறகு ரெட் கிரேயோலா, கோல்டன் டான், பபிள் பப்பி போன்ற டெக்சஸ் குழுக்களையும் வெளியிட்டது. 1968ல் ப்ளூஸ் மேதை லைட்னின் ஹாப்கின்ஸின் ஆல்பம் ஒன்றுகூட அங்கிருந்து வந்தது, எலிவேட்டர்ஸின் அப்போதைய டிரம்மரும் பேஸிஸ்ட்டும் அதில் வாசித்தார்கள். நடைமுறையில் சின்ன நிறுவனத்துக்கே உரிய தொல்லைகளும் இருந்தன. விளம்பரம் சரியில்லை, டெக்சஸைத் தாண்டி இசைத்தட்டு கடைக்குப் போய்ச் சேர்வதே பாடு.

பிறகு யார் யாரிடம் இதன் தடம் தெரிகிறது?

கிட்டாரிஸ்ட் பில்லி கிப்பன்ஸ், புகழ்பெற்ற ‘ஸீஸீ டாப்’ ராக் குழுவைத் தொடங்கும் முன் ஹூஸ்டனில் நடத்திய ‘மூவிங் சைட்வாக்ஸ்’ குழு ‘99வது மாடி’ என்றே ஒரு பாட்டு போட்டது. 70களில் நியூயார்க்கின் ‘டெலிவிஷன்’ குழு மேடைகளில் ‘ஃபயர் இன்ஜி’னை வாசித்தது. 1990ல் ரோக்கிக்காக வந்த அஞ்சலி ஆல்பத்தில் ஆர்.இ.எம்., ஸீஸீ டாப், ஜீசஸ் அண்ட் மேரி செயின், ப்ரைமல் ஸ்க்ரீம் எல்லாரும் இருந்தார்கள். அதன் பெயரே இந்த ஆல்பத்தின் அட்டையை நினைவூட்டுவது: பிரமிடு கண்ணைச் சந்திக்கும் இடம். 2008ல் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ குழுவினர் ஆஸ்டினில் தொடங்கிய சைகடெலிக் இசை விழா, பிறகு எலிவேட்டர்ஸின் ஒரு பாட்டுப் பெயரையே எடுத்து ‘லெவிடேஷன்’ ஆனது. 2015ல் அவர்கள் மறுபடி சேர்ந்து வாசித்த மேடை அதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை பேர் வந்தும் ஜாடியை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டாரை எடுத்தார்கள், எதிரொலியை எடுத்தார்கள், அலறலை எடுத்தார்கள். ஜாடி டாமி ஹாலோடு நின்றுவிட்டது.

மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு இருக்கின்றன. எது?

மோனோ. யோசிக்கவே வேண்டாம். ஸ்டீரியோவில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் என்று பிரிந்து உடம்பு மெலிந்துபோகிறது. மோனோவில் எல்லாம் ஒரே முஷ்டியாக வந்து விழும். பிறகு வந்த பல மறுபதிப்புகள் தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை, அவற்றைக் கேட்டுவிட்டு ஆல்பமே மோசம் என்று முடிவுகட்டாதீர்கள். 2009ல் வந்த பெரிய தொகுப்பில் மோனோ நன்றாகவே இருக்கிறது.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன கேட்கலாம்? ‘லைவ்’ என்று ஒரு ஆல்பம் பார்த்தேன், வாங்கலாமா?

அது வேண்டாம். 1968ல் வந்த அந்த ஆல்பம் உண்மையான மேடைப் பதிவு இல்லை. ஸ்டுடியோவில் மிச்சமிருந்த பதிவுகளின் மேல் கைதட்டலையும் கூச்சலையும் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். 1967ல் வந்த இரண்டாவது ஆல்பம் ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’ இருக்கிறதே, அதை எடுங்கள். முதல் பாட்டே எட்டு நிமிடம். ஜாடி அதிலும் உண்டு, ஆனால் இப்போது கொஞ்சம் பொறுமை வந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.